ஆஸ்கர் வாங்கியும் தனி மேஜை: திரையைத் திருப்பிப் பார்த்த கறுப்பினப் பெண்கள் – 'எதிர்ப்பார்வை' என்றால் என்ன?

1940 பிப்ரவரி 29. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள அம்பாசடர் ஹோட்டலில் ஆஸ்கர் விருது விழா நடக்கிறது.

'கான் வித் தி விண்ட்' படத்தில் நடித்த ஹாட்டி மெக்டேனியல், சிறந்த துணை நடிகைக்கான விருதை வாங்குகிறார். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அவருடைய பெற்றோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

ஆனால் அன்றைக்கு அவரால் தன் படக்குழுவோடு ஒரே மேஜையில் உட்கார முடியவில்லை. அந்த ஹோட்டலில் கறுப்பினத்தவர்களுக்கு அனுமதி கிடையாது. படத்தின் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் தனியாகப் பேசி அனுமதி வாங்கியதால்தான் அவரால் உள்ளே வரவே முடிந்தது. ஓரத்தில் சுவரை ஒட்டிப் போட்டிருந்த ஒரு சின்ன மேஜைதான் அவருக்குக் கிடைத்தது.

அவருக்கு விருது வாங்கிக் கொடுத்த கதாபாத்திரம், வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு உழைக்கும் ஓர் அடிமைப் பெண். படம் முழுக்க அவரை 'மேமி' என்றே கூப்பிடுகிறார்கள். வெள்ளைக்காரக் குழந்தைகளை வளர்க்கும் கறுப்பின ஆயாவைக் குறிக்கும் சொல் அது. அந்தக் கதாபாத்திரத்துக்கு வேறு பெயரே கிடையாது.

கைதட்டல், தனி மேஜை, பெயரே இல்லாத வேடம்... ஒரே ராத்திரியில் இந்த மூன்றும் எப்படி ஒன்றாக நடந்தன? இந்த மாதிரி கேள்விகளைத்தான் 'கறுப்பினப் பெண்ணிய விமர்சனம்' சுமார் 50 ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. சினிமா, விளம்பரம், மியூசிக் வீடியோ, கார்ட்டூன் என்று எதையும் அது விட்டு வைக்கவில்லை. விரிவாகப் பார்க்கலாம்.

பெண்ணியம் தெரியும்... அது என்ன 'கறுப்பினப் பெண்ணியம்'?

இதைப் புரிந்துகொள்ள ஒரு கோர்ட் வழக்கைப் பார்ப்போம்.

1970-களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்துக்கு எதிராக ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். கறுப்பினப் பெண்கள் என்பதால் வேலையில் தங்களிடம் பாரபட்சம் காட்டப்பட்டது என்பது அவர்களின் புகார். 1976-ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறதே, அப்புறம் எங்கே பெண் என்ற பாரபட்சம்? இனப் பாரபட்சம் என்றால் அதைத் தனி வழக்காகப் பார்த்துக்கொள்ளுங்கள், ரெண்டையும் சேர்த்துப் புது வகைப் புகார் உருவாக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இதுல என்ன சிக்கல்? வேலைக்கு எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளைக்காரப் பெண்கள். வேலைக்கு எடுக்கப்பட்ட கறுப்பினத்தவர்கள் ஆண்கள். இரண்டு கணக்கிலும் சேராமல் நடுவில் விழுந்தவர்கள் கறுப்பினப் பெண்கள்.

சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் இந்த வழக்கை எடுத்துக் காட்டித்தான் 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். ரெண்டு ரோடு சந்திக்கும் நாற்சந்தியில் நிற்பவர் மீது எந்தப் பக்கத்திலிருந்தும் வண்டி மோதலாம் என்பதுதான் அவர் சொன்ன உதாரணம்.

சினிமாவிலும் இதே கதைதான் என்கிறார்கள் விமர்சகர்கள். பெண்களைத் திரை எப்படிக் காட்டுகிறது என்று பேசும்போது வெள்ளைக்காரப் பெண்களைப் பற்றிப் பேசினார்கள். கறுப்பினத்தவரை எப்படிக் காட்டுகிறது என்று பேசும்போது ஆண்களைப் பற்றிப் பேசினார்கள். கறுப்பினப் பெண்கள் விட்டுப்போனார்கள்.

'மேமி' எங்கிருந்து வந்தார்?

சமூகவியலாளர் பாட்ரிசியா ஹில் காலின்ஸ் 1990-ல் வெளியிட்ட 'பிளாக் ஃபெமினிஸ்ட் தாட்' புத்தகம் இந்தத் துறையில் முக்கியமானது. அதில் 'கட்டுப்படுத்தும் பிம்பங்கள்' என்று ஒரு கருத்தைச் சொல்கிறார்.

அதாவது, ஒரு பிம்பம் தப்பாக இருக்கிறது என்பதோடு பிரச்னை முடிவதில்லை. அந்தப் பிம்பம் ஒரு வேலை செய்கிறது. நடக்கும் அநியாயத்தை இயல்பானதாகக் காட்டுகிறது.

'மேமி'யையே எடுத்துக்கொள்வோம். பருத்த உடல், தலையில் கட்டிய துணி, எப்போதும் சிரிப்பு. எஜமானரின் பிள்ளைகள் மீது பாசம். சொந்த வீடு, சொந்தப் பிள்ளை, ஆசாபாசம் எதையும் படம் காட்டாது.

நிஜம் வேறு. எஜமானர் வீடுகளில் வேலை செய்த அடிமைப் பெண்களில் பலர் இளம்பெண்கள். எஜமானர்களின் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஏராளம். 'மேமி' என்ற பிம்பம் அதை மறைக்கிறது. "அவங்க சந்தோஷமாத்தானே இருந்தாங்க" என்று சொல்ல வைக்கிறது.

இந்தப் பிம்பத்தின் மீது அமெரிக்காவுக்கு எவ்வளவு பிரியம் என்பதற்கு ஓர் உதாரணம். 1923-ல் தலைநகர் வாஷிங்டனில் விசுவாசமான 'மேமி'களுக்கு நினைவுச் சின்னம் வைக்கும் மசோதாவை அமெரிக்க செனட் நிறைவேற்றியது. கறுப்பினத்தவர்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு அது கைவிடப்பட்டது.

சமையலறைக்கும் 'மேமி' வந்தார். 1889-ல் தொடங்கிய 'ஆன்ட் ஜெமிமா' பான்கேக் மாவு பாக்கெட்டில் அதே சிரித்த முகம். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜெமிமாவாக வேடமிட்டு பான்கேக் சுட்டுக் காட்டியவர் நான்சி கிரீன். அவர் கென்டக்கி மாகாணத்தில் அடிமையாகப் பிறந்தவர். அந்த முகத்தையும் பெயரையும் நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது 2020-ல்தான். 2021-ல் 'பேர்ல் மில்லிங் கம்பெனி' என்று பெயர் மாறியது.

130 ஆண்டுகளுக்கு மேல் அந்த முகம் கடை அலமாரியில் இருந்திருக்கிறது. படத்தைத் தியேட்டருக்குப் போய்ப் பார்க்க வேண்டும், பாக்கெட்டோ தினமும் காலையில் வீட்டுக்குள்ளேயே நிற்கும்.

'மேமி' மட்டுமா? இன்னும் ரெண்டு முகங்கள்

'ஜெசபெல்': பைபிளில் வரும் ஒரு ராணியின் பெயர். ஆசையால் ஆண்களை மயக்குபவள் என்று கறுப்பினப் பெண்களுக்கு ஒட்டப்பட்ட முத்திரை. அடிமை முறைக் காலத்தில் எஜமானர் செய்த பாலியல் குற்றத்துக்குப் பழியை அந்தப் பெண் மீதே போட இது உதவியது.

இதற்குப் பின்னால் ஒரு கொடூரமான வரலாறு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த சாரா பார்ட்மன் என்ற பெண்ணை 1810-ல் லண்டனுக்குக் கொண்டு வந்தார்கள். அவருடைய உடலமைப்பை டிக்கெட் போட்டு வேடிக்கை காட்டினார்கள். பிறகு பாரிஸ். 1815-ல் அங்கேயே இறந்தார். விஞ்ஞானிகள் உடலை அறுத்து ஆராய்ந்தார்கள். அவருடைய எலும்புக்கூடும் உடலின் வார்ப்பும் 1970-கள் வரை பாரிஸ் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருந்தன. 2002-ல்தான் உடல் எச்சங்கள் தாய்நாட்டுக்குத் திரும்பி அடக்கம் செய்யப்பட்டன.

பாப் பாடல் வீடியோக்களில் கேமரா ஒரு பெண்ணின் முகத்தைக் காட்டாமல் உடலின் ஒரு பாகத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வரும்போது, விமர்சகர்களுக்கு சாரா பார்ட்மன் நினைவுக்கு வருவது இதனால்தான்.

'சஃபையர்': 'ஏமஸ் அண்ட் ஆண்டி' என்ற வானொலித் தொடரில் கணவனை எப்போதும் திட்டிக்கொண்டே இருக்கும் மனைவியின் பெயர். தொடர் 1951-ல் டிவிக்கும் வந்தது. 'கோபக்காரக் கறுப்பினப் பெண்' என்ற முத்திரைக்கு இது இன்னொரு பெயராகவே ஆகிவிட்டது.

இதுவும் பழைய கதை இல்லை. 2018 அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டியில் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் நடுவரோடு வாக்குவாதம் செய்தார். ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்று அவரைப் பெரிய உதடும் பருத்த உடலுமாகக் குதிக்கும் உருவமாகக் கார்ட்டூன் போட்டது. உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. கார்ட்டூன் விதிகளை மீறவில்லை என்று அந்நாட்டுப் பத்திரிகை கவுன்சில் 2019-ல் சொன்னது. ஒரு வீராங்கனையின் கோபத்தை வரைவதில் தப்பு இல்லை. அந்தக் கோபத்தை வரைய எந்தப் பழைய அச்சை எடுத்தார்கள் என்பதுதான் விமர்சகர்களின் கேள்வி.

கறுப்பினப் பெண்கள் மீது இப்படிக் குறிவைத்து வரும் வெறுப்புக்குத் தனிப் பெயரே வைத்தார் ஆய்வாளர் மோயா பெய்லி. 'மிசோஜினுவார்' என்பது அந்தச் சொல். பெண் வெறுப்பும் இன வெறுப்பும் ஒன்றாகச் சேர்ந்தது என்று பொருள்.

பார்த்தாலே குற்றமா?

இதுவரை பார்த்தது திரையில் என்ன காட்டினார்கள் என்பதை. இனி, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் பக்கம் திரும்புவோம். இங்கேதான் பெல் ஹூக்ஸ் வருகிறார்.

கென்டக்கியில் 1952-ல் பிறந்த இவருடைய இயற்பெயர் குளோரியா ஜீன் வாட்கின்ஸ். கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தன் புனைபெயராக வைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் அதைச் சின்ன எழுத்துகளில்தான் எழுதுவார். தன் பெயரைவிடத் தான் எழுதுவது முக்கியம் என்பது அவர் சொன்ன காரணம். 2021 டிசம்பரில் காலமானார்.

1992-ல் வெளிவந்த 'பிளாக் லுக்ஸ்' புத்தகத்தில் 'எதிர்ப்பார்வை' பற்றிய கட்டுரை இருக்கிறது. அதன் ஆரம்பப் புள்ளி ரொம்ப எளிமையானது. பார்ப்பது என்பதே ஓர் அதிகாரம்.

எப்படி? அடிமை முறைக் காலத்தில் எஜமானரை நேருக்கு நேர் பார்த்தாலே தண்டனை. அடிமை முறை ஒழிந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1951-ல் வட கரோலினா மாகாணத்தில் மேட் இங்கிராம் என்ற கறுப்பின விவசாயி கைது செய்யப்பட்டார். தூரத்தில் இருந்துகொண்டே ஒரு வெள்ளைக்கார இளம்பெண்ணைத் தவறாகப் பார்த்தார் என்பது புகார். கையால் தொடவே இல்லை. ஆனாலும் தாக்குதல் வழக்கில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 1953-ல் மாகாண உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

தெருவில் நிமிர்ந்து பார்க்க முடியாத ஒரு சமூகத்துக்கு, சினிமாவும் டிவியும் ஒரு வாய்ப்பாக வந்தன. திரையில் இருக்கும் வெள்ளைக்காரரை உற்றுப் பார்க்கலாம், யாரும் தண்டிக்க முடியாது. எதைத் தடுத்தார்களோ, அதன் மீதே ஆசை அதிகமாகும். அப்படித் துணிந்து, கேள்வி கேட்டு, திருப்பிப் பார்ப்பதைத்தான் 'எதிர்ப்பார்வை' என்கிறார் ஹூக்ஸ்.

'ஆண் பார்வை' போதாதா?

சினிமா படிப்பவர்கள் எல்லோருக்கும் 'ஆண் பார்வை' என்ற சொல் தெரிந்திருக்கும். பிரிட்டனைச் சேர்ந்த லாரா மல்வி 1975-ல் எழுதிய கட்டுரையால் பிரபலமானது. ஹாலிவுட் படங்களில் பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண். கேமராவும் ஆணின் கண்ணாகவே நகர்கிறது என்பது மல்வியின் வாதம்.

ஹூக்ஸ் இதை மறுக்கவில்லை. ஒரு கேள்வியைச் சேர்க்கிறார். எந்தப் பெண்?

பளபளப்பான வெளிச்சத்தில், அழகின் உருவமாகக் காட்டப்படும் கதாநாயகி வெள்ளைக்காரப் பெண். பின்னால் தட்டை ஏந்தி நிற்பவர் கறுப்பினப் பெண். தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் கறுப்பினப் பெண் யாரோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்வார்? அந்தக் கதாநாயகன் அவர் இல்லை. அந்தக் கதாநாயகியும் அவர் இல்லை. தட்டை ஏந்தும் அந்தப் பெண்ணாகத் தன்னைப் பார்க்க மனசு வராது.

ஹூக்ஸ் பல பெண்களோடு பேசியிருக்கிறார். படத்தை ரசிக்க வேண்டும் என்பதற்காக இனம் பற்றிய நினைப்பை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தவர்கள் உண்டு. வலி தாங்காமல் சினிமா பார்ப்பதையே விட்டவர்களும் உண்டு. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. கண்ணை மூடாமல், ஏமாறாமல், இந்தக் காட்சி யாருக்காக எடுக்கப்பட்டது என்று கேட்டுக்கொண்டே பார்ப்பது. அப்படிப் பார்ப்பதிலேயே ஒரு சந்தோஷம் இருக்கிறது என்கிறார் ஹூக்ஸ்.

கேமராவை வாங்கிய பெண்கள்

விமர்சனத்தோடு அவர்கள் நிற்கவில்லை. படைப்பாலும் பதில் சொன்னார்கள்.

1972-ல் கலைஞர் பெட்டி சார் ஒரு சின்னப் பெட்டிக்குள் 'மேமி' பொம்மை ஒன்றை வைத்தார். பின்னால் வரிசையாக ஆன்ட் ஜெமிமாவின் முகங்கள். பொம்மையின் ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் துப்பாக்கி. அவமானப்படுத்த உருவாக்கிய அதே பொம்மையை அவர் போராளியாக மாற்றினார். 'ஆன்ட் ஜெமிமாவின் விடுதலை' என்று பொருள் தரும் பெயரை அதற்கு வைத்தார்.

இயக்குநர் ஜூலி டாஷ் 1982-ல் 'இல்யூஷன்ஸ்' என்ற குறும்படம் எடுத்தார். கதை நடப்பது 1942 ஹாலிவுட்டில். வெள்ளைக்கார நடிகை திரையில் வாயசைக்கிறார். இருட்டான அறையில் நின்று அவருக்காகப் பாடுபவர் ஒரு கறுப்பினப் பெண். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. பெயரும் புகழும் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' 1991-ல் வந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இயக்கி, அமெரிக்கத் தியேட்டர்களில் பொது வெளியீடு கண்ட முதல் முழுநீளப் படம் இதுதான். சினிமா பிறந்து ஏறக்குறைய 100 ஆண்டுகள் கழித்து! கடலோரத் தீவில் வாழும் ஒரு குடும்பத்துப் பெண்கள், 1902-ல், ஊரை விட்டுப் போவதா இருப்பதா என்று தவிப்பதுதான் கதை. யாருக்கும் வேலைக்காரியாக இல்லாமல், தங்கள் கதைக்குத் தாங்களே நாயகிகளாக அவர்கள் வருகிறார்கள்.

அப்போ எல்லாரும் ஒரே கட்சியா? இல்லை

கறுப்பினப் பெண்ணிய விமர்சனம் என்றால் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். காரசாரமான சண்டைகள் உள்ளேயே நடந்திருக்கின்றன.

'தி கலர் பர்பிள்' (1985): ஆலிஸ் வாக்கரின் நாவலை ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் படமாக எடுத்தார். 11 ஆஸ்கர் பரிந்துரைகள், ஒரு விருதுகூடக் கிடைக்கவில்லை. கறுப்பின ஆண்களைக் கொடூரமானவர்களாகக் காட்டுகிறது என்று போராட்டம் நடந்தது. ஆனால் ஆய்வாளர் ஜாக்குலின் போபோ படம் பார்த்த கறுப்பினப் பெண்களிடமே போய்க் கேட்டார். அவர்களில் பலர் படத்தைக் கொண்டாடினார்கள். குறைகளைத் தள்ளிவிட்டு, தங்கள் வாழ்க்கையோடு ஒட்டியதை எடுத்துக்கொண்டார்கள். பார்வையாளர் கொடுப்பதை எல்லாம் அப்படியே விழுங்குபவர் இல்லை என்பது அவருடைய முடிவு.

'2 லைவ் க்ரூ' வழக்கு (1990): இந்த ராப் குழுவின் பாடல்கள் ஆபாசம் என்று புளோரிடாவில் குழுவினரைக் கைது செய்தார்கள். பிறகு விடுதலை ஆனார்கள். கிரென்ஷா எடுத்த நிலைப்பாடு கவனிக்க வேண்டியது. மற்றவர்களை விட்டுவிட்டு கறுப்பின ஆண்களை மட்டும் குறிவைத்தது இனப் பாகுபாடு. அதே சமயம் அந்தப் பாடல்களில் பெண் வெறுப்பு இருப்பதும் உண்மை. ஒன்றைச் சொல்வதற்காக இன்னொன்றை மறைக்கத் தேவையில்லை என்றார்.

ஸ்பெல்மன் கல்லூரி (2004): அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்கள் படிக்கும் கல்லூரி இது. ராப் பாடகர் நெல்லியின் அறக்கட்டளை எலும்பு மஜ்ஜை தானத்துக்கான முகாம் நடத்த வந்தது. அவருடைய பாடல் வீடியோ ஒன்றில் ஒரு பெண்ணின் பின்புறத்தில் கிரெடிட் கார்டைத் தேய்க்கும் காட்சி இருந்தது. அதைப் பற்றி எங்களோடு பேசிவிட்டு முகாம் நடத்துங்கள் என்றார்கள் மாணவிகள். நிகழ்ச்சி நடக்கவில்லை. நல்ல காரியத்தைக் கெடுத்தார்கள் என்ற விமர்சனம் மாணவிகள் மீதும் வந்தது. ஹிப்-ஹாப்பைக் கேட்டு வளர்ந்த பெண்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

'லெமனேட்' (2016): பியான்சேவின் இந்த ஆல்பம் ஒரு முழுப் படமாகவே வெளியானது. ஜூலி டாஷின் படத்தை நினைவுபடுத்தும் காட்சிகள் அதில் நிறைய. வன்முறைக்கு மகனைப் பறிகொடுத்த கறுப்பினத் தாய்மார்களும் அதில் தோன்றினார்கள். ரசிகர்கள் கொண்டாடினார்கள். பெல் ஹூக்ஸ் கொண்டாடவில்லை. கறுப்பினப் பெண்களின் அழகை இவ்வளவு விரிவாகக் காட்டுவது புதுசுதான், ஆனால் இதுவும் விற்பனைச் சரக்குதானே, வலியை அழகாகக் காட்டினால் மட்டும் ஆதிக்கம் ஒழிந்துவிடுமா என்பது அவர் வாதம். கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர்கள் பலரே இதற்குக் கடுமையாக மறுப்பு எழுதினார்கள்.

யார் சரி? பதில் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் இந்தச் சண்டையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1940-ல் கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்தது வேலைக்காரி வேடம். 2016-ல் சண்டை, ஒரு கறுப்பினப் பெண் தானே தீர்மானித்து உருவாக்கிய படைப்பைப் பற்றி.

கேமராவே பாரபட்சம் காட்டுமா?

இப்போது உங்கள் கையில் இருக்கும் திரைக்கு வருவோம்.

ஆய்வாளர் சஃபியா நோபிள் 2018-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 2011-ல் கூகுளில் 'கறுப்பினச் சிறுமிகள்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைத் தேடியபோது முதல் பக்கத்திலேயே ஆபாசத் தளங்கள் வந்ததை அதில் எடுத்துக் காட்டினார். இது அவருக்குச் சொந்த அனுபவம். சிறுமிகளுக்கு என்ன காட்டலாம் என்று தேடப் போய்க் கிடைத்த அதிர்ச்சி. பிறகு கூகுள் அந்த முடிவுகளை மாற்றியது.

அதே 2018-ல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள், முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்கள் விஷயத்தில் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்கள் விஷயத்தில் தவறு 34.7 சதவீதம் வரை போனது. அதாவது, மோசமான மென்பொருள் மூன்றில் ஒரு கருநிறப் பெண்ணைத் தப்பாகச் சொன்னது.

புவோலம்வினி மாணவியாக இருந்தபோது, அவர் முகத்தைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை. வெள்ளை முகமூடி ஒன்றை மாட்டிய பிறகுதான் கண்டுகொண்டது.

ஒரு பக்கம் அந்த உடலை அளவுக்கு மீறி உற்றுப் பார்ப்பது, இன்னொரு பக்கம் முகம் இருப்பதே தெரியாமல் போவது. சாரா பார்ட்மன் காலத்துப் பிரச்னையின் புது வடிவம் இது.

'பொழுதுபோக்கைப் பொழுதுபோக்காப் பாருங்க'... அப்படின்னா?

இந்த விமர்சனத்துக்கு வழக்கமாக வரும் கேள்வி இது. எல்லாவற்றிலும் குறை சொன்னால் எதைத்தான் ரசிப்பது? நியாயமான கேள்விதான்.

ஆனால் இந்த விமர்சகர்கள் எல்லோருமே சினிமாவையும் பாட்டையும் விரும்பியவர்கள். இந்தப் படத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்வது அவர்கள் நோக்கம் இல்லை. பார்க்கும்போது சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

* இந்தப் பெண்ணுக்குக் கதையில் சொந்தப் பெயர், சொந்த ஆசை, சொந்த வீடு இருக்கிறதா?
* கேமரா அவருடைய முகத்தைப் பார்க்கிறதா, உடலை மட்டும் பார்க்கிறதா?
* இந்தப் பிம்பம் யாருடைய மனசாட்சிக்கு நிம்மதி தருகிறது?
* இதிலிருந்து வரும் பணமும் பெயரும் யாருக்குப் போகின்றன?

இந்தக் கேள்விகளில் 'அந்த நடிகை ஏன் அந்த வேடத்தில் நடித்தார்?' என்பது இல்லை. கவனித்தீர்களா? ஹாட்டி மெக்டேனியலை அவர் காலத்திலேயே கறுப்பின உரிமை இயக்கத்தினர் சிலர் விமர்சித்தார்கள். திரும்பத் திரும்ப வேலைக்காரி வேடத்தில் நடிக்கிறாரே என்று. ஆனால் அவருக்கு முன்னால் வேறு எத்தனை கதவுகள் திறந்திருந்தன?

அவர் கதை எப்படி முடிந்தது?

மெக்டேனியல் 1952-ல் இறந்தார். ஹாலிவுட் கல்லறையில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. கறுப்பினத்தவர் என்பதால் அங்கேயும் இடம் மறுக்கப்பட்டது. தன் ஆஸ்கரை வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அது பிற்காலத்தில் காணாமல் போனது.

அவருக்குப் பிறகு நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கிய அடுத்த கறுப்பினப் பெண் வூப்பி கோல்ட்பெர்க். ஆண்டு 1991. இடைவெளி 51 ஆண்டுகள். சிறந்த நடிகை விருதை 2002-ல் ஹாலி பெர்ரி முதன்முதலாக வாங்கினார். 2025 விழா வரை அந்தப் பிரிவில் இரண்டாவது கறுப்பினப் பெண் யாரும் இல்லை. 2012-ல் ஆக்டேவியா ஸ்பென்சர் துணை நடிகை விருது வாங்கினார். எந்த வேடத்துக்காக? 'தி ஹெல்ப்' படத்தில் வேலைக்காரப் பெண் வேடம். அதே படத்தில் வேலைக்காரியாக நடித்து சிறந்த நடிகை பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட வயோலா டேவிஸ், அந்தப் படத்தில் நடித்ததற்காக வருந்துவதாக 2018-ல் சொன்னார். கதை வேலைக்காரப் பெண்களைப் பற்றியது, ஆனால் அவர்களின் குரல் அதில் கேட்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

2023 அக்டோபரில் ஆஸ்கர் அகாடமி, காணாமல் போன விருதுக்குப் பதிலாகப் புதிய ஒன்றைச் செய்து ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தது. விருது திரும்பி வந்துவிட்டது. அந்த ராத்திரி அவர் சுவரோரத்தில் உட்கார்ந்திருந்த மேஜையைத் திருத்த முடியாது.

அடுத்த முறை ஏதாவது ஒரு படத்தில், பின்னால் தட்டை ஏந்தியபடி ஒரு பெண் கடந்து போனால், ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். அவருக்கு அந்தக் கதையில் பெயர் இருக்கிறதா?